வெனிஸ் நகரத்து வெரோனிகா



இன்று ஒரு கவிஞரின் கதையைக் கேட்போம். அவர் ஒரு பெண். பெயர் வெரோனிகா பிராங்கோ. ஊர் வெனிஸ். இத்தாலி நாட்டில் இருக்கிறது. 1546ஆம் ஆண்டில் பிறந்தார். 1591ஆம் ஆண்டில் இறந்தார். நானூறு வருடத்துக்கு முந்தைய கதை இது.

எங்கேயோ, எப்போதோ வாழ்ந்த ஒரு பெண். அவர் கதை நமக்கு எதற்கு? இப்படிச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் கதையைக் கேளுங்கள். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

வெனிஸ் கடலுக்குள் இருக்கும் ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள். தீவுகளை இணைக்கப் பாலங்கள். பெரிய தெருவுக்குப் பதிலாக அங்கே வாய்க்கால். வண்டிக்குப் பதிலாகப் படகு. விறகும் காய்கறியும் படகில் வரும். கல்யாணப் பெண்ணும் படகில் போவாள். பிணமும் படகில்தான் போகும்.

அந்த ஊருக்கு ராஜா கிடையாது. பெரிய குடும்பத்து ஆண்கள் கூடிப் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏழைகளுக்கு அதில் பங்கு இல்லை. பெண்கள் எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் பங்கு இல்லை.

ஆனால் பணக்கார ஊர். பணம் எப்படி வந்தது? வியாபாரத்தில் வந்தது. அதில் நம் நாட்டு மிளகுக்கும் பெரிய பங்கு உண்டு. கேரளக் கடற்கரையில் விளைந்த மிளகை அரபு வியாபாரிகள் கப்பலில் ஏற்றிப் போனார்கள். எகிப்து வரை கொண்டு போனார்கள். அங்கே வெனிஸ் வியாபாரிகள் அதை வாங்கினார்கள். ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். 1498ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்குக் கடல் வழி கண்டுபிடித்து வந்தார். வெனிசுக்குப் போட்டி வந்தது. ஆனாலும் வெரோனிகாவின் காலத்தில் வெனிஸ் செல்வாக்கோடுதான் இருந்தது.

அந்தக் காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்வார்கள். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மக்கள் மறுபடியும் தேடிப் படித்தார்கள். புதிய ஓவியங்கள் வந்தன. புதிய கவிதைகள் வந்தன. 1450ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் கூட்டன்பர்க் அச்சு எந்திரத்தைக் கொண்டு வந்தார். கொஞ்ச காலத்திலேயே வெனிஸ் புத்தகம் அச்சடிக்கும் ஊராக மாறிவிட்டது. ஐரோப்பாவில் வெனிஸ் அளவுக்குப் புத்தகம் அச்சடித்த ஊர்கள் மிகக் குறைவு.

புத்தகம் மலிந்தது. படிப்பு எல்லாருக்கும் வந்ததா? இல்லை. பணக்கார வீட்டு ஆண் பிள்ளைகளுக்கு வாத்தியார் வீட்டுக்கே வருவார். லத்தீன் சொல்லிக் கொடுப்பார். பெண் பிள்ளைகளுக்கு ஜெபமும் தையலும் போதும் என்று நினைத்தார்கள்.

வெரோனிகாவுக்கு மூன்று சகோதரர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் வந்தார். வெரோனிகாவும் கூடவே உட்கார்ந்து படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் படிப்புதான் கடைசி வரை அவருக்குத் துணை. மற்ற எல்லாம் வந்தன, போயின. சம்பாதித்த பொருள் போனது. அழகு போனது. பெரிய மனிதர்களின் நட்பும் போனது. எழுத்து மட்டும் போகவில்லை.

இனி வரும் விஷயத்தை மறைத்துப் பேசக் கூடாது. வெரோனிகா ஒரு கணிகை. ஆண்களிடம் பொருள் வாங்கிக் கொண்டு அவர்களோடு பழகும் தொழில். அவருடைய தாய் பாவ்லாவும் அதே தொழிலில் இருந்தவர். தாய்தான் மகளைத் தொழிலில் இறக்கினார்.

வெனிசில் இந்தத் தொழில் ஏன் அவ்வளவு பெருகியது? காரணம் உங்களுக்குத் தெரிந்த ஒன்றுதான். வரதட்சணை.

ஆமாம். அங்கேயும் பெண்ணுக்கு வரதட்சணை கொடுக்க வேண்டும். பெரிய குடும்பங்கள் போட்டி போட்டுக் கொடுத்தன. தொகை ஏறிக்கொண்டே போனது. 1420ஆம் ஆண்டில் அரசு ஒரு சட்டம் போட்டது. 1,600 டூக்கட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றது. டூக்கட் என்பது அவர்கள் பணம். சட்டத்தை யார் மதித்தார்கள்? 1551ஆம் ஆண்டில் அரசே அந்த வரம்பை 5,000 டூக்கட்டாக உயர்த்த வேண்டி வந்தது. சட்டம் தோற்றது. வரதட்சணை ஜெயித்தது.

நான்கு பெண் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்குத்தான் கல்யாணம் செய்ய முடியும். மற்றப் பெண்களைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் விரும்பினார்களா என்று பல வீடுகளில் கேட்கவில்லை. சொத்து பிரியாமல் இருக்க, ஆண் பிள்ளைகளிலும் ஒருவனுக்குத்தான் கல்யாணம் செய்தார்கள். கல்யாணம் ஆகாத பணக்கார ஆண்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஏழை வீட்டுப் பெண்கள் பணம் இல்லாமல் இருந்தார்கள். பிறகு என்ன நடக்கும்? ஊர் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நின்ற பெண்ணைப் பார்த்து, "கெட்டவள்" என்றது.

1565ஆம் ஆண்டு வாக்கில் வெனிஸ் கணிகைகளின் பட்டியல் ஒன்று ஊரில் உலவியது. பெயர், இருக்கும் இடம், விலை எல்லாம் அதில் இருந்தன. வெரோனிகாவின் பெயரும் இருந்தது. பணம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் இருந்தது. தாயிடம் கொடுக்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை எழுதுவது போலப் பெண்ணுக்கு விலை எழுதியிருந்தார்கள்.

இதற்கு முன்பே வெரோனிகாவுக்குக் கல்யாணமும் நடந்திருந்தது. கணவர் ஒரு வைத்தியர். பெயர் பாவ்லோ பனிட்சா. அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. 1564ஆம் ஆண்டில் வெரோனிகாவுக்கு 18 வயது. வயிற்றில் குழந்தை. பிரசவத்தில் பெண்கள் இறப்பது அப்போது சாதாரணம். அதனால் பிரசவத்துக்கு முன் உயில் எழுதி வைப்பார்கள். வெரோனிகாவும் எழுதினார். தன் வரதட்சணைப் பணத்தைக் கணவர் திருப்பித் தர வேண்டும் என்று அதில் கேட்டார். சட்டப்படி அந்தப் பணம் மனைவிக்குச் சொந்தம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கேட்கவும் தைரியம் இருந்தது.

அவருக்குப் பிறந்த குழந்தைகள் ஆறு. மூன்று குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டன.

வெனிசில் டொமெனிகோ வெனியர் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். கீல்வாதத்தால் நடக்க முடியாமல் வீட்டோடு இருந்தார். அவர் வீட்டில் புலவர்கள் கூடுவார்கள். கவிதை படிப்பார்கள். குற்றம் குறை சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் வெரோனிகாவும் போய் உட்கார்ந்தார். வெனியர் அவர் கவிதைகளைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். மற்றக் கணிகைகள் பட்டுத் துணியும் முத்து மாலையும் சேர்த்தார்கள். வெரோனிகா அவற்றோடு புத்தகமும் சேர்த்தார்.

1574ஆம் ஆண்டில் ஒரு ராஜா வெனிசுக்கு வந்தார். மூன்றாம் ஹென்றி. போலந்து நாட்டிலிருந்து பிரான்ஸ் நாட்டுக்கு முடிசூடப் போகிற வழி. அவர் வெரோனிகாவின் வீட்டுக்கு வந்தார். வெரோனிகா தன் சிறிய ஓவியம் ஒன்றையும் இரண்டு கவிதைகளையும் அவருக்குக் கொடுத்தார். ஊரெல்லாம் இதைப் பேசியது. இன்றைக்கும் வெரோனிகா என்றால் பலர் இந்த ராஜா கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ராஜா வந்தார், போனார். அவ்வளவுதான்.

பெரிய விஷயம் அடுத்த ஆண்டு நடந்தது. 1575ஆம் ஆண்டில் அவர் கவிதைப் புத்தகம் வெளிவந்தது. அது ஒரு புதுமையான புத்தகம். கவிதையில் கடிதம். ஓர் ஆண் எழுதுவார். வெரோனிகா பதில் எழுதுவார்.

அதில் ஓர் ஆண் அவர் அழகைப் புகழ்ந்து தள்ளுகிறார். உனக்காக உருகுகிறேன் என்கிறார். அவர் பெயர் மார்க்கோ வெனியர் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். வெரோனிகா மயங்கிவிடவில்லை. அவர் பதிலின் கருத்து இது. பேச்சு வேண்டாம். செயல் காட்டுங்கள். உங்களுக்கு நல்ல அறிவு இருக்கிறது. அதை வைத்து ஏதாவது நல்ல காரியம் செய்யுங்கள். உங்களிடம் பணமும் கேட்கவில்லை. அன்பு உண்மை என்றால், அது உங்கள் நடத்தையில் தெரியட்டும்.

இன்னொருவருக்கு உரைநடையில் ஒரு கடிதம் எழுதினார். அந்த மனிதர் சும்மா சுற்றிக்கொண்டு, வெரோனிகாவின் அன்புக்கு ஏங்கிக்கொண்டு இருந்தார். அவருக்கு வெரோனிகா என்ன சொன்னார் தெரியுமா? போய்ப் படியுங்கள் என்றார். அமைதியாக உட்கார்ந்து படிக்கிறவர்களைத்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். வசதி மட்டும் இருந்தால், கற்றவர்கள் கூடும் இடத்திலேயே வாழ்நாள் முழுவதையும் கழித்துவிடுவேன் என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அன்பை விலைக்கு விற்கும் தொழிலில் ஊர் அவரை வைத்திருந்தது. அவரோ, அன்புக்குப் பணம் ஈடாகாது, நல்ல செயல்தான் ஈடு என்று எழுதுகிறார்.

அவருக்கு எதிரிகளும் இருந்தார்கள். மாபியோ வெனியர் என்று ஒருவர். டொமெனிகோ வெனியரின் சொந்த அண்ணன் தம்பி மகன். நன்றாகக் கவிதை எழுதத் தெரிந்தவர். அந்தத் திறமையைக் கெட்ட வழியில் செலவழித்தார். வெரோனிகாவைத் திட்டிக் கவிதை எழுதினார். தன் பெயரைப் போடவில்லை. வெரோனிகாவின் பெயரையே இரண்டாக உடைத்தார். அதோடு ஓர் அசிங்கமான சொல்லைச் சேர்த்தார். இவள் ஒப்பற்ற வேசி என்று பொருள் வரும்படி எழுதினார். அது கைக்குக் கை மாறி ஊரெல்லாம் போனது. ஆண்கள் படித்துச் சிரித்தார்கள்.

இப்படி ஓர் அவமானம் வந்தால் அந்தக் காலத்துப் பெண் என்ன செய்வாள்? அழுவாள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொள்வாள். அல்லது அடியாள் ஏற்பாடு செய்ய ஓர் ஆணைத் தேடுவாள். வெரோனிகா முதலில் திகைத்துத்தான் போனார். அதை அவரே மறைக்காமல் சொல்கிறார். ஆயுதம் இல்லாமல் இருந்த நேரத்தில் யாரோ அடித்தது போல இருந்தது என்கிறார். பிறகு எழுந்தார். கத்தி பழகுகிறவரைப் போல எழுத்துப் பழகினார். அந்தக் கோழைக்கு ஒரு பதில் கவிதை எழுதினார்.

அது ஒரு சவால். களத்துக்கு வா என்று கூப்பிடுகிறார். எந்த ஆயுதம்? கவிதை. எந்த மொழி? அதை நீயே தேர்ந்துகொள் என்கிறார். ஊர்ப் பேச்சு மொழியா, புலவர்கள் எழுதும் மொழியா, சிரிப்பா, கோபமா, எதுவானாலும் தான் தயார் என்கிறார். பெண்களுக்கும் கை உண்டு, கால் உண்டு, நெஞ்சு உண்டு. பழகாததால்தான் பின்தங்கி இருக்கிறார்கள். பழகிவிட்டால் எந்த ஆணுக்கும் குறைய மாட்டார்கள். முதலில் தான் செய்து காட்டுவதாகச் சொல்கிறார்.

அதோடு விடவில்லை. அந்தத் திட்டுக் கவிதையை வரி வரியாக எடுத்துப் பிழை சொல்கிறார். ஒப்பற்ற என்ற சொல்லைப் பிடித்துக் கொள்கிறார். அந்தச் சொல் புகழ்ச்சிக்கு உரியது. அதை வசவோடு சேர்த்திருக்கிறாய். உனக்குச் சொல்லின் பொருளே தெரியவில்லை என்கிறார். வாத்தியார் மாணவன் சிலேட்டைத் திருத்துவது போலத் திருத்துகிறார்! எழுதப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். திட்டுவதும் கஷ்டம்தான்.

இந்த மாபியோ பிற்காலத்தில் என்ன ஆனார்? கிறிஸ்தவ சபையில் பேராயர் ஆனார். வேடிக்கைதான்.

இத்தாலி மொழியில் விர்த்தூ என்று ஒரு சொல் உண்டு. நல்ல குணம், திறமை, வீரம் மூன்றையும் அது குறிக்கும். அதன் வேர்ச்சொல் லத்தீன் மொழியில் ஆண் என்று பொருள்படும். நம்மிடம் ஆண்மை என்று ஒரு சொல் இருப்பதைப் போல. நல்ல குணம் என்றாலே அது ஆணுக்கு உரியது என்று சொல்லே சொல்லிவிடுகிறது! பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒழுக்கம் என்றால் கற்பு என்று சுருக்கிவிடுவார்கள்.

வெரோனிகா இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு முறை ஓர் ஆண் ஒரு பெண்ணை அடிக்கப் போனார். முகத்தைக் கத்தியால் கிழிப்பேன் என்று மிரட்டினார். வெரோனிகா அவருக்கு ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் அவர் சொல்லும் வாதம் இது. உடம்பின் பலம் ஒரு குணம் இல்லை. உண்மையான விர்த்தூ அறிவிலும் மனத்திலும் இருக்கிறது. அது பெண்களிடம் குறைவாக இல்லை. ஆண் மிரட்டும்போது பெண் பணிந்து போகிறாள். அது அவள் பலவீனத்தால் இல்லை. இரண்டு பேரும் மல்லுக்கு நின்றால் குடும்பம் என்ன ஆகும், உலகம் எப்படி நடக்கும் என்று நினைத்துத்தான் அவள் விட்டுக்கொடுக்கிறாள். அவளுடைய அறிவை அவளுடைய பயம் என்று நினைத்து நீ ஏமாறாதே.

இதைக் கேட்டு இங்கே சில பெண்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியும்.

புத்தகம் வந்த அதே 1575ஆம் ஆண்டில் வெனிசில் கொள்ளை நோய் புகுந்தது. பிளேக். 1577 வரை ஆடியது. சுமார் 50,000 பேர் இறந்தார்கள். ஊரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். டிசியானோ என்ற பெரிய ஓவியரும் 1576ஆம் ஆண்டில் அப்போதுதான் இறந்தார். வெரோனிகா குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். திரும்பி வந்தபோது வீட்டில் பெரும்பாலான பொருட்கள் இல்லை. கொள்ளை போயிருந்தன. நோயில் ஒரு சகோதரரும் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் வெரோனிகா மேல் விழுந்தது.

இந்த நிலையில் அவர் தன்னைப் பற்றி மட்டும் நினைத்திருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 1577ஆம் ஆண்டில் அவர் அரசுக்கு ஒரு மனு எழுதினார். வெனிசில் ஏற்கெனவே பெண்களுக்கு இரண்டு வகை இல்லங்கள் இருந்தன. ஒன்று, ஏழைக் கன்னிப் பெண்களுக்கு. இன்னொன்று, தொழிலை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்து வாழ்க்கை வாழச் சம்மதிக்கிறவர்களுக்கு. குழந்தை இருக்கும் பெண் எங்கே போவாள்? கணவன் இருந்தும் இல்லாத பெண் எங்கே போவாள்? அவர்களுக்கு இரண்டு வாசலும் மூடிக்கிடந்தன. அப்படிப்பட்ட பெண்கள் பிள்ளைகளோடு தங்க ஓர் இல்லம் வேண்டும் என்று அவர் எழுதினார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது. உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும்.

1580ஆம் ஆண்டில் அவருடைய இரண்டாவது புத்தகம் வந்தது. ஐம்பது கடிதங்கள். நண்பர்களுக்கு எழுதியவை. ஓவியர் டின்டோரெட்டோவுக்கு ஒரு கடிதம். ராஜா ஹென்றிக்கு ஒரு கடிதம். சமையல், நோய், கடன், பாட்டுக் கச்சேரி என்று பல விஷயங்கள். அவற்றில் ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அது ஒரு தாய்க்கு எழுதிய கடிதம். பெயர் இல்லை. அந்தத் தாய்க்கு வயது வந்த ஒரு மகள். வீட்டில் வறுமை. தாய் வெரோனிகாவின் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர். வெரோனிகா அவருக்கு முன்பே ஒரு வழி சொல்லியிருந்தார். ஏழைக் கன்னிப் பெண்கள் இல்லத்தில் மகளைச் சேர்த்துவிடு, சேர்க்க எல்லா உதவியும் செய்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் தாய் மனம் மாறிவிட்டது. மகளுக்கு வேறு அலங்காரம் தொடங்கியது. முன்பெல்லாம் அந்தப் பெண் எளிமையாக, உடம்பை மூடி உடுத்துவாள். இப்போது முடிக்குச் சாயம். நெற்றியில் சுருள். கழுத்துக்குக் கீழே திறந்த சட்டை. தாய் மகளைச் சந்தைக்குத் தயார் செய்கிறாள் என்பது வெரோனிகாவுக்குப் புரிந்துவிட்டது. தன் தாய் தனக்குச் செய்தது அதுதானே.

உடனே கடிதம் எழுதினார். கோபமும் அழுகையும் கலந்த கடிதம். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சாப்பிடுவது, தூங்குவது, நடப்பது எதுவும் அவள் விருப்பப்படி இல்லை. எல்லாம் அடுத்தவர் இஷ்டம். யார் வந்தாலும் ஏற்க வேண்டும். வருகிறவன் திருடலாம். அடிக்கலாம். கொல்லலாம். தீராத நோய் தரலாம். பல வருடம் சேர்த்ததை ஒரே நாளில் பிடுங்கிக் கொண்டு போகலாம். எவ்வளவு பணம் கிடைத்தாலும் இதற்கு ஈடாகாது என்கிறார். மகளைக் கீழே தள்ளினால் நீயும் கூடவே விழுவாய் என்கிறார். இன்னும் நேரம் இருக்கிறது, அந்த இல்லத்தில் சேர்க்க இப்போதும் உதவி செய்கிறேன் என்கிறார். கேட்காவிட்டால் நம் நட்பு முறிந்தது என்றும் எழுதுகிறார்.

ஒரு கேள்வி வரும். அதே தொழிலில் இருந்தவர் இப்படி எழுதலாமா? மேடையில் நின்று ஒழுக்கம் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ஆனால் வேறு யார் எழுத முடியும்? பாதிரியார் எழுதினால் பாவம் என்று எழுதுவார். அரசு எழுதினால் அபராதம் என்று எழுதும். இந்தத் தாய்க்கு வேண்டியது அதுவல்ல. பணம் கொட்டும் என்று அவள் கனவு காண்கிறாள். அந்தக் கனவு பொய் என்று, ராஜாவே வீடு தேடி வந்த ஒரு கணிகை சொன்னால்தான் அவள் நம்புவாள். இன்னொரு விஷயமும் உண்டு. கடிதத்தில் தொழில் செய்யும் பெண்களை வெரோனிகா கேவலப்படுத்தவில்லை. அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னார். பிறகு அந்தக் கடிதத்தை அச்சில் போட்டு ஊரறியச் செய்தார். அச்சில் போட்டால் தன் தொழிலுக்கே கெடுதல் என்று தெரிந்தும் போட்டார்.

புத்தகம் வந்த அதே 1580ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். வெரோனிகா மீது வழக்கு வந்தது. சாதாரண வழக்கு இல்லை. மத விசாரணை மன்றத்தின் வழக்கு. சூனியம் வைத்தார் என்பது குற்றச்சாட்டு.

குற்றம் சாட்டியது யார்? அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார். அவர் வீட்டிலேயே இருந்தவர். வெரோனிகாவின் வீட்டில் சில பொருட்கள் திருட்டுப் போயின. ஒரு வெள்ளிக் கத்தரிக்கோலும் ஒரு ஜெபப் புத்தகமும் அவற்றில் உண்டு. திருடனைக் கண்டுபிடிக்க வீட்டில் மை போட்டுப் பார்ப்பது போல ஒரு சடங்கு செய்தார்கள். மோதிரம், தீர்த்தம், மெழுகுவர்த்தி எல்லாம் வைத்துச் செய்தார்கள். வாத்தியார் மேலேயே சந்தேகம் இருந்தது. வாத்தியார் முந்திக்கொண்டார். இவள் பேயை அழைக்கிறாள், கோயிலுக்குப் போவதில்லை, விரத நாளில் கோழியும் முட்டையும் சாப்பிடுகிறாள் என்று புகார் கொடுத்தார்.

அந்த மன்றத்தில் குற்றம் உறுதியானால் சவுக்கடி கிடைக்கும். ஊரை விட்டுத் துரத்துவார்கள். மூன்று பிள்ளைகளோடு, அண்ணன் தம்பி பிள்ளைகளோடு, எங்கே போவது?

இந்த வழக்கை 1998ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆங்கில சினிமா பெரிதாகக் காட்டியது. சபை நிறையக் கூட்டம். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று வெரோனிகாவைக் காப்பாற்றுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விசாரணைக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அதில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் தன் வாயால் தானே பதில் சொன்னார். அலங்கார மொழியில் பேசவில்லை. வீட்டில் பேசும் வெனிஸ் பேச்சில் பேசினார்.

சடங்கு நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அக்கம்பக்கத்தாரும் வேலைக்காரர்களும் சொல்லி நடந்தது, தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றார். விரத நாளில் சாப்பிட்டதும் உண்மை என்றார். பிரசவமும் நோயும் காரணம் என்றார். பேயை அழைத்தேன் என்பது மட்டும் பொய் என்றார். இருந்ததை இருந்தது என்றும் இல்லாததை இல்லை என்றும் பிரித்துச் சொன்னார். பயத்தில் எல்லாவற்றையும் மறுத்திருந்தால் மாட்டிக் கொண்டிருப்பார். மன்றம் தண்டனை எதுவும் தராமல் விட்டுவிட்டது.

உயிர் தப்பியது. ஆனால் பேர் கெட்டது. பழைய கூட்டம் வீட்டுக்கு வரவில்லை. 1582ஆம் ஆண்டில் டொமெனிகோ வெனியர் இறந்தார். அதே ஆண்டு வெரோனிகா வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது. அப்போது அவர் குடியிருந்தது ஏழைக் கணிகைகள் வாழும் பகுதி. அதன் பிறகு அவர் புத்தகம் எதுவும் வெளிவரவில்லை. 1591ஆம் ஆண்டு ஜூலை மாதம் காய்ச்சலில் இறந்தார். வயது 45.

அவர் புத்தகங்களை ஊர் மறந்தது. 1913ஆம் ஆண்டில்தான் இத்தாலியில் அவர் கவிதைகளை மறுபடியும் நன்றாகப் பதிப்பித்தார்கள். 1998ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தன. இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் அவற்றைப் படிக்கிறார்கள்.

அவர் எழுதிய இன்னொரு தாளும் வெனிசில் பத்திரமாக இருக்கிறது. அது கவிதை இல்லை. 1570ஆம் ஆண்டில் எழுதிய உயில். அப்போது அவருக்கு 24 வயது. அவருக்கு இன்னும் ராஜாவும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை, பிளேக்கும் வரவில்லை. அதில், ஏழைப் பெண்கள் இரண்டு பேரின் கல்யாணத்துக்குப் பணம் ஒதுக்குகிறார். அந்தக் காலத்தில் பலரும் செய்த தர்மம்தான் இது. வெரோனிகா அதோடு ஒரு நிபந்தனை சேர்த்தார். தொழிலை விட்டுவிட விரும்பும் இரண்டு கணிகைகள் கிடைத்தால், கல்யாணமோ கன்னியர் மடமோ அவர்கள் எதை விரும்பினாலும், அந்தப் பணத்தை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். கன்னிப் பெண்களுக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.